வெல்லம் போட்ட கிணறு

கிணற்றுத் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று அக்கா முதல்முறை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஃபினாயில் வாளியும் கையுமாக என் மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் அப்படிச் சொன்னால் வேறென்ன செய்வது? "வாளிய தள்ளி வச்சிட்டு மோந்து பாருங்கக்கா" என்றேன். மறுநாள் காலையில் பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் கிணற்று நீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்ததும் என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அது 2011. ஒரகடத்தில் கார் உதிரிபாகங்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவில் எனக்கு வேலை. வெளியே ஆய்வகம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், எங்கள் மேனேஜரின் தயிர்சாதமும் என் ரசாயனங்களும் அடுத்தடுத்த தட்டில் குடியிருந்த ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, நுண்ணுயிரியலில் முதுகலை முடித்து, அந்தப் படிப்புக்கு ஊரில் வேலை இல்லாததால் வந்து சேர்ந்தவள் நான். சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு பெண்களோடு ஓர் அறை. காலையில் ரயில்வே கேட் பக்கம் கம்பெனி பஸ் வரும்.

அக்கா ஒப்பந்தத்தில் வந்த ஹவுஸ்கீப்பிங் ஆள், சேரப்பணஞ்சேரிக்காரர். நாற்பதைத் தாண்டியிருப்பார். "சொல்லுதேன்", "வாரேன்" என்று நான் பேசுவதைக் கேட்டுச் சிரித்து மாளாது அவருக்கு. "இன்னாம்மா, நீ திட்டுனா கூட பாட்டு மாரியே கீது" என்பார். கணவர் மாரடைப்பில் போய் மூன்று வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பிதான் எங்கள் பஸ்ஸை ஓட்டினார். டிரைவர் அண்ணன் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அண்ணன் தம்பி இரண்டு பேருமாகக் கூலிக்கு ஆள் வைக்காமல் தாங்களே வெட்டிய கிணறு அது. இருவர் பேரிலும் இருந்த அந்த நிலத்தில் வருஷத்துக்கு ஒரு போகம் நெல்லும், வரப்போரம் கத்தரியும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து மனையில் யாரோ லாரி லாரியாகக் கறுப்பு மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எந்த ஆலையின் மணல் என்று கடைசிவரை தெரியவில்லை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் இடங்களில் மணலை ஒட்டவைக்க ஒரு பிசின் சேர்ப்பார்கள். அந்த மணல் மழையில் நனைந்தால் ஃபீனால் என்ற நஞ்சு கரைந்து கீழே இறங்கும். ஊரில் சத்தம் போட்டு மணலை அள்ள வைத்துவிட்டார்கள். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். பாட்டில் நீரில் மருந்து விட்டுப் பார்த்தேன். ஃபீனால் இருந்தால் சிவக்கும். குங்குமம் கரைத்தது போல் சிவந்தது.

ஒரு கிடங்கு கட்டுவதற்காக அந்த நிலத்தை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் விற்கலாம் என்றார். அக்கா மாட்டேன் என்றார். "அந்தக் கெணத்துலதாம்மா அவரு கீறாரு. வூட்ல மாட்டி வெச்சிருக்கிற போட்டோல இல்ல" என்று என்னிடம் சொன்னார். டிரைவர் அண்ணன் கெட்டவர் இல்லை. அண்ணியின் மனதை நோகடிக்கத் தெரியாதவர். "தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்லுவாங்க அண்ணி. தை வரைக்கும் பாப்போம். தண்ணி தேறிச்சின்னா நாமளே பயிரு வெப்போம். தேறலன்னா கையெழுத்து போட்டுடணும்" என்று கெடு வைத்தார். அப்போது ஆடி மாதம். ஆறு மாதத்தில் கிணறு தேற வேண்டும்.

நான்தான் போய் வாயைக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "நான் சரி பண்ணித் தாரேன்க்கா" என்றேன். இருபத்துநான்கு வயது. தொட்டி தொட்டியாகக் கழிவுநீரைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாவை மேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கிணறு என்ன பிரமாதம் என்ற நினைப்பு.

ஒரு நஞ்சு மண்ணில் கொஞ்ச காலம் கிடந்தால், அதைத் தின்னப் பழகிய பாக்டீரியா ஏதாவது அங்கேயே இருக்கும். கிணற்று மேட்டை ஒட்டி, பக்கத்து மனையில் கறுப்பு மணல் கிடந்த இடத்தில், அக்கா குழம்புக் கரண்டியால் மண்ணைத் தோண்டித் தர, ஊறுகாய் பாட்டிலில் வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு சிட்டிகையை எடுத்து, கொஞ்சம் உப்புகளும் ஃபீனாலும் மட்டும் கலந்த தண்ணீரில் போட்டேன். தின்பதற்கு வேறு எதுவும் கிடையாது. தின்னத் தெரிந்தது பிழைக்கும், தெரியாதது சாகும். பத்து நாளில் தண்ணீர் லேசாகக் கலங்கியது. பிழைத்தவற்றைத் தட்டில் வளர்த்து, சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் கல்லூரித் தோழி கொடுத்தனுப்பிய கேட்டிகால் என்ற மருந்தை ஒரு சொட்டு விட்டேன். வெள்ளைப் புள்ளிகளாக இருந்தவை ஒரு நிமிடத்தில் மஞ்சளாயின.

பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற அக்கா, "மஞ்சா பூசி குளிச்சாப்ல கீது" என்றார்.

அந்த மஞ்சள் என்னவென்று அவருக்குச் சொன்னேன். ஃபீனால் என்பது ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அதை அப்படியே எதுவும் விழுங்க முடியாது. இந்த பாக்டீரியாவிடம் இரண்டு நொதிகள் இருக்கின்றன. முதல் நொதி வளையத்தில் ஆக்சிஜனைச் செருகி அதைக் கேட்டிகாலாக மாற்றும். இரண்டாவது நொதி அந்த வளையத்தை உடைத்துத் திறக்கும். திறந்ததும் வருகிற நிறம்தான் மஞ்சள். அதற்குப் பிறகு அது சாதாரணச் சாப்பாடு. துண்டு துண்டாக்கித் தின்றுவிடும். அந்த நொதிகளைச் செய்யும் விதம் அதன் மரபணுவில் எழுதியிருக்கிறது. இதுபோன்றவற்றில் பலவற்றுக்கு அந்த மரபணுக்கள் மற்ற மரபணுக்களோடு சேராமல் தனியாக ஒரு சின்ன வளையத்தில் இருக்கும், இடுப்பில் செருகிய சாவிக்கொத்து மாதிரி. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதுங்களுக்கு வெசந்தான் சோறு" என்றார். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை வருஷ வேலையில் என் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஒரு நீல டிரம்மில் கிணற்று நீரை நிரப்பி அந்தக் கலங்கிய தண்ணீரை ஊற்றினோம். மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார் ஒன்றை டிரைவர் அண்ணன் வாங்கிவந்து மாட்டினார். எட்டாவது நாள் மருந்து விட்டால் சிவப்பே இல்லை. வாடையும் இல்லை. அக்கா அன்றைக்கே வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு விளக்கு ஏற்றிவிட்டு வந்து, என் நெற்றியில் விபூதியை அப்பினார்.

டிரம் வேறு, கிணறு வேறு. கிணற்றுக்கு ஏராளமான பாக்டீரியா வேண்டும். ஃபீனாலை மட்டும் கொடுத்தால் அவை ஆமை வேகத்தில் பெருகின. எங்கள் பிரிவில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் ஒருவர், விழுப்புரத்துக்காரர், நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "வெல்லம் போடுங்க மேடம். ஆயுத பூஜை லீவு முடிஞ்சி வந்தா நம்ம தொட்டிக்கே வெல்லமும் சாணியும் போட்டுத்தான எழுப்புறோம்? பூச்சி குண்டு குண்டா வளரும்" என்றார். உண்மைதான். இந்தப் பக்கத்தில் எந்தக் கழிவுநீர்ப் பிரிவுக்குப் போனாலும் மூலையில் ஒரு சாக்கு வெல்லம் இருக்கும். பாக்டீரியாவைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். பூச்சி சோர்ந்தால் வெல்லம். அங்கே அது சரி. அங்கே பூச்சி உயிரோடு இருந்தால் போதும். நானும் வெல்லத்தைக் கரைத்து வளர்த்தேன். இரண்டே நாளில் கஞ்சிபோலத் திரண்டது. ஒரு குடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த குடத்துக்கு உறை ஊற்றி, அதிலிருந்து அடுத்ததற்கு ஊற்றி, வாரம் வாரம் பெருக்கினேன்.

முதல் குடத்தைக் கிணற்றில் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, கூடவே ஒரு கூடை வெல்லத்தையும் கரைத்து விடச் சொன்னேன். அக்கா ஒரு வெல்ல உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, வெல்லம் இருந்தா எவன்மா கசப்ப துன்னுவான்?"

"அதுங்க நம்மள மாதிரி இல்லக்கா. நாக்கு கிடையாது" என்றேன். டிரைவர் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டே உருண்டையை வாளியில் போட்டார்.

அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. என் சிரிப்பைத்தான் சொல்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கிணறு பாதிக்கு மேல் ஏறியது. மருந்து விட்டால் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகத்தான் வந்தது. மழைநீர் கலந்து நீர்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமலும் இல்லை. ஆனால் அக்கா பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, "எப்டி கீது, எப்டி கீது" என்று கேட்கும்போது நல்லதைச் சொல்லத்தானே வாய் வரும்? "குறையுதுக்கா" என்றேன். டிரைவர் அண்ணன் கத்தரி நாற்றுக்குச் சொல்லிவைத்தார். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் பாட்டு கொஞ்சம் சத்தமாக ஓடியது.

மார்கழியில் மழை நின்று தண்ணீர் கீழே இறங்கியது. சிவப்பு திரும்பி வந்தது. அதோடு புளித்த வாடையும் சேர்ந்துகொண்டது. கிணற்றில் நுரை கட்டி மிதந்தது. நான் இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன், இன்னும் வெல்லம் போடச் சொன்னேன். பூச்சி போதவில்லை என்பது என் கணக்கு. கடைசித் தடவை, பொங்கலுக்கு வாங்கிவைத்திருந்த வெல்லத்தையும் அக்கா கொண்டுவந்து கரைத்தார். அந்த வருஷம் அவர் வீட்டில் வெண்பொங்கல் மட்டும்தான் பொங்கினார்கள். எனக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது.

தை பிறந்து பத்து நாள் கழித்துக் கடைசியாக ஒரு கேன் தண்ணீர் எடுத்தேன். சிவந்தது. டிரைவர் அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அடுத்த வாரம் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாசி தொடங்குவதற்குள் ஜே.சி.பி. வந்து உடைந்த கான்கிரீட்டும் செங்கல்லுமாகக் கிணற்றை மூடிவிட்டது. அன்று டிரைவர் அண்ணன் லீவு போட்டிருந்தார். அக்கா வேலைக்கு வந்தார். நாள் முழுக்க எங்கள் தாழ்வாரத்தையே மூன்று முறை துடைத்தார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் நான் அடுத்துச் செய்தேன். ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் வளர்த்துவைத்திருந்த பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, கேட்டிகாலை ஒரு சொட்டு விட்டேன். ஒரு நிமிடம் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். மதியம் சாப்பிட்டு வந்தும் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அப்போது என் கல்லூரிப் பரீட்சைத்தாள் ஞாபகத்துக்கு வந்தது. எளிதில் கிடைக்கும் சர்க்கரையும் கடினமான உணவும் ஒரே நேரத்தில் இருந்தால் பாக்டீரியாவின் மரபணு எப்படி நடந்துகொள்ளும் என்பது கேள்வி. படம் போட்டு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். சர்க்கரை இருக்கும்வரை கடினமான உணவுக்கான நொதியைச் செய்யும் மரபணு பெரும்பாலும் அடங்கியே இருக்கும். இரண்டு வேலை எதற்கு என்று இனிப்பை முதலில் தின்னும். தேவையே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகினால், அந்தச் சாவிக்கொத்தைச் சுமப்பதே வீண் என்று அதைத் தொலைத்துவிடவும் செய்யும். சாவி இல்லாததற்குச் சுமை குறைவு. அது வேகமாகப் பெருகும். கொஞ்ச நாளில் கூட்டம் முழுக்க அதுவாகிவிடும். நான் வாரம் வாரம் உறை ஊற்றி வளர்த்தது அந்தக் கூட்டத்தைத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அம்மா சொல்லும்போதெல்லாம் கோபப்பட்டிருக்கிறேன். பரீட்சையில் நான் எழுதிய அந்த மூன்று பக்கத்தை, கையில் வெல்லத்தோடு நின்ற அக்கா ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

ஊறுகாய் பாட்டில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அப்படியே இருந்தது. கடைசியாக எடுத்த கேன் தண்ணீரும் இருந்தது; அதிலிருந்த வெல்லம் அதற்குள் புளித்துத் தீர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அந்த மண்ணை ஒரு சிட்டிகை போட்டேன். உப்புகளைத் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. காற்று மோட்டாரை மாட்டிவைத்தேன். ஆறாவது நாள் லேசாக மஞ்சள் தட்டியது. பதினோராவது நாள் அந்த மஞ்சளும் போய்த் தெளிந்துவிட்டது. மருந்து விட்டேன். சிவக்கவில்லை. மூடிய கிணற்றின் தண்ணீர் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு பாத்திரம் மட்டும்தான். அது தேறிவிட்டது. நான் மேஜையில் தலைவைத்து அழுதேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா துடைக்க வந்தார். "இன்னாம்மா, ஊர்ல யார்க்கனா ஒடம்பு சரியில்லையா?" என்று பதறினார். நான் பாத்திரத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லம் போடாமல் இருந்திருந்தால், மெதுவாக ஆனாலும் மண்ணில் இருந்ததையே ஃபீனாலில் மட்டும் வளர்த்திருந்தால் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப கெணறு தேறியிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தேறியிருக்கும்க்கா" என்றேன்.

அவர் துடைப்பக் குச்சியைப் பிடித்தபடியே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. பாத்திரத்தின் மேல் குனிந்து முகர்ந்து பார்த்தார். "நல்ல தண்ணி வாசன" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத என் கொழுந்தன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. கெடு வெச்சது அவன். என் கையப் புடிச்சி கையெழுத்து போட வெச்சதும் அவன். கெணத்த மூடுனதுலேர்ந்து அவன் ஒழுங்கா சோறு துன்றதில்ல. தேறியிருக்கும்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். என்னோட போவட்டும்."

"என் மேலதானக்கா தப்பு" என்றேன்.

"உன்னோடயும் போவட்டும்" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ரயில்வே கேட் பக்கம் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மெலிந்துபோயிருந்தார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது.

"இன்னாம்மா, மூஞ்சியே செரியில்ல? இன்னும் அந்தக் கெணத்தையே நெனச்சிக்கினு கீறியா? வுடும்மா. உன்னால ஆனதெல்லாம் நீ செஞ்ச. பெத்தவங்க கூட அவ்ளோ செய்ய மாட்டாங்க. அது எந்தப் பூச்சிக்கும் அடங்காத தண்ணி."

"ஆமாண்ணே" என்றேன்.

அந்த வேலையை விடுவதற்கு முன் இன்னும் இரண்டரை வருஷம் அவர் பஸ்ஸில் போனேன். அந்த நிலத்தில் எழும்பிய கிடங்கின் சுவரைத் தாண்டும்போது சில நாட்கள் அவர் அதையே திரும்பச் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் ஆமாண்ணே என்றுதான் சொன்னேன்.